ஆளுக்கு ஒரு ஸ்பூன் வெளிச்சம்

தொபியாஸின் டைவிங் லைட் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஏழு பாகம் ஆழத்தில், அவன் பாறை இடுக்கு ஒன்றுக்குள் கையை விட்டுச் சங்கு துழாவிக்கொண்டிருந்தபோது, இரண்டு தரம் மினுங்கிவிட்டு அணைந்தது. மேலே வந்தவன் வள்ளத்தில் இருந்தவர்களிடம் "கரையப் பாத்து விடுங்கலே" என்று மட்டும் சொன்னான். கரை வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல், சொட்டச் சொட்ட, உச்சி வெயிலில் நேராக அமலியின் கடைக்கு நடந்தான். சிலுவைத்துறையில் எது நின்றுபோனாலும் அங்கேதான் போக வேண்டும். மிக்ஸி நின்றால் அமலி, குக்கர் விசில் அடிக்க மறுத்தால் அமலி, பூசை நடுவில் மைக் கரகரத்தால் அமலி, கடிகாரம் நின்றால் அமலி, ஒருமுறை புருசன் பெண்டாட்டி பேச்சு நின்றுபோனதற்குக்கூட இரண்டு பேரும் தனித்தனியாக வந்து அமலி கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்தார்கள்.

அமலோற்பவம் என்று அவளை முழுப்பெயர் சொல்லி அழைத்தது ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஒருவர்தான். வயது நாற்பத்தொன்று. அப்பாவின் ரேடியோ கடையை, அவர் படுக்கையில் விழுந்த பத்து வருஷமும் அவரைப் பார்த்துக்கொண்டே நடத்தி, அவர் போன பிறகும் நடத்தி, அந்த மும்முரத்தில் கல்யாணம் என்ற ஒன்று தன் வாசல் வழியாகப் போனதைக் கவனிக்காமல் விட்டவள். அவளுக்கு ஒரு பழக்கம். மீசை அரும்பியவனிலிருந்து பல் விழுந்தவர் வரைக்கும் ஊரில் எந்த ஆம்பிளையையும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். தொபியாஸை மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை; அவனிடம் பேச வேண்டி வந்தால் 'இங்க பாருங்க' என்று ஆரம்பிப்பாள். இதை யாரும் கவனிக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். நாற்பத்திரண்டே வீடுகள் உள்ள ஊரில், ஒரு வீட்டில் தும்மினால் மற்ற நாற்பத்தோரு வீட்டிலும் "சேசுவே" என்பார்கள் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"இங்க பாருங்க, என்ன ஆச்சு?" என்றாள் அமலி.

"தெரியல அமலி. ரெண்டு தரம் மினுங்குச்சு. பொறவு செத்துப்போச்சு."

"கீழ கீழ போட்டியளா?"

"இல்ல."

"கடைசியா யாரு தொறந்தது?"

"நான்தான். நேத்து செல்லு மாத்துனேன்."

அமலி லைட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே தளக் தளக் என்றது. "தண்ணி ஏறியிருக்கு" என்றாள், காய்ச்சல் என்று சொல்லும் நர்சம்மாவின் குரலில்.

"திங்கக்கிழமைக்குள்ள எரிஞ்சிருமா?" என்று கேட்டான் தொபியாஸ். அவனுக்கு நாற்பத்திநாலு வயது. மூன்று தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது வீட்டில் அவனும் ஒரு பெரிய சோற்றுப் பானையும் மட்டும் மிச்சமிருந்ததால், எப்போதும் ஊருக்கு விருந்தாளி வந்தவன் மாதிரியே நிற்பான். "புது லைட்டுக்குச் சொல்லிவச்சா கப்பல்ல வந்து சேர நாப்பது நாளாம். அதுக்குள்ள கச்சான் காத்து கிளம்பிரும், கடலு கலங்கிரும். கொச்சி துறைமுகத்துல முக்குளிக்க ஆளு வேணும்னு மச்சான் கூப்பிடுதான். திங்கக்கிழமை இது எரிஞ்சா நம்ம கடலு. எரியலன்னா ரயிலுக்கு வாறேன்னு வாக்குக் குடுத்திட்டேன்."

"போனா எப்ப வருவிய?"

"வந்து யாரப் பாக்க?" என்றான் தொபியாஸ். வருத்தமாகச் சொல்லவில்லை, மணி கேட்டவனுக்கு மணி சொல்வது போலச் சொன்னான்.

அமலி லைட்டின் தலையைத் துணி சுற்றித் திருகினாள். மறை கழன்றதும் முதலில் வந்தது ஊறிப்போன குருத்தோலை. சிலுவைத்துறையில் குருத்து ஞாயிறு அன்று மந்திரித்த ஓலையை ஒரு இணுக்குக்கூட வீணாக்க மாட்டார்கள். கதவு நிலைக்கு மேல் செருகுவார்கள், வள்ளத்தின் முகப்பில் கட்டுவார்கள், பள்ளிக்கூடப் பைக்குள், அரிசிப் பானைக்குள், ஆட்டுக்குட்டியின் கழுத்துக் கயிற்றில்கூட வைப்பார்கள். ஆனால் தண்ணீருக்கடியில் எரிகிற லைட்டுக்குள் வைத்தவன் இவன் ஒருவன்தான். அந்த ஓலையிலிருந்து பிரிந்த ஒரு நார், தலைமுடியை விட மெல்லிசான நார், மறைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையத்தின் மேல் குறுக்கே கிடந்தது. வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே முடி போகிற வழி இருந்தால் போதும், கடல் அந்த வழியாக முழுசாக வந்துவிடும்.

"எந்தப் புண்ணியவான் இதுக்குள்ள ஓலையத் திணிச்சது?"

"காவலுக்கு" என்றான் தொபியாஸ், தரையைப் பார்த்து.

அமலி ஓலையை இடுக்கியால் எடுத்து, சரியாகப் பார்க்காமல், ஜன்னல் கட்டையில் காய வைத்தாள். பிறகு லைட்டைக் கவிழ்த்தாள். தண்ணீர் வந்தது, தண்ணீரோடு வெளிச்சமும் வந்தது.

கெட்டியாக, மஞ்சளாக, நல்லெண்ணெய் ஊற்றுகிற பதத்தில் வந்தது. முதல் சொட்டு மேசையில் விழப் பார்த்ததால் கைக்கு எட்டிய ஒரு பழைய தைல பாட்டிலில் அதைப் பிடித்தாள். மிச்சத்தை டம்ளரில் பிடித்தாள். டம்ளர் நிறைந்ததும் கடையின் மூலைகள், ஒட்டடைகள், பத்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஸ்குரு டிரைவர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. தொபியாஸ் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றான். "தண்ணி உள்ள போனா உள்ள இருக்கது வெளிய வரத்தான் செய்யும்" என்றாள் அமலி. அவன் போய்விட்டான், அவள் ஸ்குரு டிரைவரை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் போட்டாள்.

இங்கேதான் அமலி இரண்டு தப்புச் செய்தாள். ஒன்று தொழில் தப்பு, மற்றது மனசின் தப்பு. ரிப்பேர் செய்கிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: திறந்ததும் கொட்டுவது கழிவு. மிக்ஸியைத் திறந்தால் கொட்டுகிற மாவு, கடிகாரத்தைத் திறந்தால் கொட்டுகிற எறும்பு, ரேடியோவைத் திறந்தால் கொட்டுகிற பல்லி முட்டை என்று முப்பது வருஷமாகக் கொட்டியதை எல்லாம் வெளியே எறிந்து பழகியவள், இந்த வெளிச்சத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். புது செல் போட்டால் புது வெளிச்சம் வரப்போகிறது, பழசு எதற்கு என்று நினைத்தாள். இரண்டாவது தப்பு தைல பாட்டில். அதில் இருந்த ஒரு ஸ்பூன் அளவை அவள் எறியவில்லை. எட்டு வருஷம் தொபியாஸின் கையில் இருந்த வெளிச்சம் அது. ஒருவேளை அவன் கொச்சிக்குப் போய்விட்டால் இதாவது இருக்கட்டும் என்று மூடியை இறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. தலையணை, பஞ்சு, உறை, இமை எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒரு ஸ்பூன் வந்து கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டது.

டம்ளரை முதலில் பார்த்தது கித்தேரி. அடுத்த வீட்டுக்காரி, கூடையில் மீன் விற்கிறவள், வாய் திறந்தால் கோபுரத்துப் புறா பறக்கும். மிக்ஸி வாங்க வந்தவள் மிக்ஸியை மறந்தாள்.

"ஏட்டி அமலி, இது என்னது?"

"தொபியாஸ் அவங்க லைட்டுல இருந்து கொட்டுச்சுக்கா."

"கொட்டுனதுதான? எனக்கு ஒரு ஸ்பூன் ஊத்து."

ஊற்றினாள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதது அமலியின் பிறவிக் குணம். கித்தேரி தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த அழகைப் பார்த்த அடுத்த வீடும் வந்தது, அதற்கடுத்த வீடும் வந்தது, கிண்ணத்தோடு வந்தார்கள், சங்கோடு வந்தார்கள், மருந்து மூடியோடும் சிரட்டையோடும் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டப்பாவோடும் வந்தார்கள், புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நாற்பது வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் போய்ச் சேர்ந்தது. ஞானப்பிரகாசம் வாத்தியார் மட்டும், இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை, கடலில் உள்ள நுண்ணுயிர்கள் செய்கிற வேலை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்று கடை வாசலில் நின்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, ஆராய்ச்சிக்காக என்று இரண்டு ஸ்பூன் வாங்கிப் போனார்.

ஊர் அந்த வெளிச்சத்தை வீட்டுக்கு வந்த மருமகளைப் பழக்குவது போல இரண்டே நாளில் பழக்கிவிட்டது. வெயிலில் தண்ணீர் காய்ந்துபோய், வெளிச்சம் மட்டும் பாத்திரங்களின் அடியில் முட்டைக் கரு போலத் தங்கியது. விரலில் ஒட்டாது, துணியில் கறை பிடிக்காது, சாய்த்தால் மெல்ல நகரும். வாத்தியாரின் ஆராய்ச்சி, இரண்டு வருஷமாக பல்பு இல்லாத அவர் வீட்டுக் குளியலறையில் நடந்தது. கித்தேரி தன் ஸ்பூனை மீன் கூடைக்கு அடியில் வைத்தாள். அதற்கு மேல் வைத்த மீனெல்லாம் இப்போதுதான் கடலைவிட்டு ஏறியது போல மின்னியது, பக்கத்தில் விற்றவர்கள் "நேத்து மீன இன்னைக்கு மீனாக் காட்டுதா" என்று சண்டைக்கு வந்தார்கள், சாயங்காலம் அவர்களும் தங்கள் ஸ்பூனைக் கூடைக்கு அடியில் வைத்தார்கள். கோயில் உபதேசியார் தன் பங்கை அந்தோணியார் சுரூபத்தின் பாதத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மந்திரிக்காத வெளிச்சத்தைப் பீடத்தில் வைக்கலாமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் பங்குச் சாமியார் அதைப் பார்க்காதது போல இருந்தார். அந்தோணியார் பத்து வயது குறைந்து தெரிந்தார், சாமியாரின் பிரசங்கமும் பத்து நிமிஷம் குறைந்தது, ஊருக்கு இரண்டும் பிடித்திருந்தது. மிக்கேல் வீட்டுப் பங்கைக் கோழி குடித்துவிட்டது. அது வியாழக்கிழமை இட்ட முட்டைக்குள் கரு இருக்கும் இடம் ஓட்டுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கோழி எந்த மாற்றமும் இல்லாமல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கரண்டு ஆபீசிலிருந்து லைன்மேன் சைக்கிளில் வந்து, மூன்று நாளாக மின்சாரம் இல்லையே, ஏன் ஒருத்தர்கூட போன் பண்ணித் திட்டவில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டு, ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்றும் கேட்டார். டம்ளர் காலியாகிவிட்டிருந்தது, அவர் லைனைச் சரி செய்து கரண்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவில் அமலி லைட்டோடு மல்லுக்கு நின்றாள். உப்புப் போக நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். நிழலில் உலர்த்தினாள். பச்சைக் களிம்பு பிடித்திருந்த பித்தளை முனைகளை எலுமிச்சம்பழமும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்த்துத் தங்கமாக்கினாள். ரப்பர் வளையத்தைக் கழற்றி, குக்கர் கேஸ்கட்டைப் பார்க்கிற மாதிரி விரலால் நீவி, வெட்டு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து, அது உட்காரும் பள்ளத்திலிருந்து இரண்டு மணல் துகளைக் குண்டூசியால் எடுத்து, புது வளையம் போட்டு, மெல்லிசாக கிரீஸ் தடவினாள். செல் இல்லாமல், உள்ளே ஒரு துண்டு செய்தித்தாளைச் சுருட்டி வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல் கட்டி முக்கால் நாள் போட்டாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. திறந்து பார்த்தால் செய்தித்தாள் மொறுமொறுவென்று இருந்தது. செல்லை மீட்டரில் பார்த்தாள், முழுசாக இருந்தது. சுவிட்ச் பேசியது. பல்பு பேசியது. கம்பி எல்லாம் ஒன்றோடொன்று பேசின. எல்லாவற்றையும் சேர்த்து மூடி, சுவிட்சைத் தள்ளினாள்.

இருட்டாக இருந்தது. சும்மா எரியாமல் இருப்பது வேறு. இது காலிப் பானைக்குள் பார்ப்பது மாதிரி இருந்தது.

மறுபடி கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சனிக்கிழமை காலை ஏழாவது தடவை மாட்டியபோது கித்தேரி மிக்ஸியை ஞாபகம் வைத்து வாங்க வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. ஆனா எரிய மாட்டேங்குது" என்றாள் அமலி. தூங்காத கண் சிவந்திருந்தது. "நாளான்னைக்கு ரயிலு ஏறிருவாங்க."

கித்தேரி லைட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இதுல இருந்ததையெல்லாம் நீதான ஊருக்கு ஊத்திக் குடுத்த? பொறவு இதுல என்ன மயித்துக்கு எரியும்?"

அமலி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷத் தொழிலில் அவளுக்கு யாரும் இவ்வளவு எளிதாகக் குறை கண்டுபிடித்துச் சொன்னதில்லை.

அப்படியே எழுந்து அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி இருந்தது. முதல் வீட்டு வாசலில் நின்று "அண்ணே, அந்த ஒரு ஸ்பூனு" என்று ஆரம்பித்து, மிச்சத்துக்கு டம்ளரை நீட்டினாள். ஆனால் தொபியாஸ் கொச்சிக்குப் போகப்போகிறான் என்று கேட்டதும் ஒரு வீடுகூட முணுமுணுக்கவில்லை. முகம் சுண்டியவர்கள் உண்டு, தரமாட்டேன் என்றவர்கள் இல்லை. சும்மாவும் யாரும் தரவில்லை. சிலுவைத்துறையில் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. குழம்பு வந்த கிண்ணம் சீனியோடு போகும், மோர் வந்த செம்பு முருங்கைக்காயோடு போகும், ஒன்றுமே இல்லாவிட்டால் நாலு உப்புக் கல்லாவது போகும். வாங்கியது வெளிச்சமானதால் வெளிச்சத்தை வைத்தே திருப்பிக் கொடுத்தார்கள். கித்தேரி தன் ஸ்பூனோடு அடுப்பிலிருந்து ஒரு கிள்ளுச் சிவப்பு வெளிச்சம் சேர்த்தாள். டி.வி. இருந்த வீடுகளில் அதிலிருந்து கொஞ்சம் நீலம் வழித்துப் போட்டார்கள். உபதேசியார் மாதா சுரூபம் நிற்கும் கெபியில் எரிந்த மெழுகுதிரிகளில் திரிக்கு ஒரு துளியாக எடுத்து வந்தார். புதுப்பெண் ஒருத்தி தன் கண்ணாடியின் பளபளப்பை விரல் நுனியில் தொட்டு வைத்தாள். பஸ் ஓட்டுகிற சூசைராஜ் வலது பக்க இண்டிகேட்டரின் ஒரு சிமிட்டலைக் கொடுத்தார். மிக்கேல் வீட்டில் முட்டையைக் கொடுத்தார்கள். வாத்தியார் இரண்டு ஸ்பூனையும் கொண்டுவந்து, டியூப்லைட் எரிவதற்கு முன்னால் தயங்குமே அந்தத் தயக்கத்தையும் மேலே ஒரு சிட்டிகை தூவி, "இதுவும் அறிவியல்தான்" என்றார்.

டம்ளர் போதாமல் குடம் எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் தலையணைக்கு அடியில் இருந்த தைல பாட்டிலை அமலி எடுக்கவில்லை. ஊரே இவ்வளவு கொடுத்திருக்கிறது, ஒரு ஸ்பூன் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மொத்தமும் கலையாமல் அப்படியே கடற்கரைக்கு வந்தது. சாமியார் அங்கியைக் கழற்றாமலே வந்தார். தொபியாஸ் வெள்ளை வேட்டியில் ஓரமாக நின்றான். அவன் பெட்டி கட்டிவிட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அமலி முட்டையை உடைத்துக் குடத்தில் ஊற்றி, குடத்தை மெல்லச் சாய்த்து, வெளிச்சத்தை லைட்டுக்குள் இறக்கினாள். எட்டு டம்ளர் வெளிச்சமும் ஒரு டம்ளர் இடத்துக்குள் ஒண்டிக்கொண்டது, கல்யாண வேனுக்குள் சனங்கள் ஒண்டிக்கொள்வது போல. வளையத்தை விரலால் ஒரு சுற்று நீவினாள், மூடினாள், சுவிட்சைத் தள்ளினாள்.

கரண்டு குறைவான வீட்டு பல்பு மாதிரி லேசாகச் சிவந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"பாலு நிறைய இருக்கு, உறை ஊத்தல" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "யாரோ ஒரு ஸ்பூனு குடுக்கல" என்றார் வேறொருவர். உடனே நாற்பது வீடும் அந்தோணியார் மேல் சத்தியம் செய்தது. வாத்தியார் ஒரு கமிட்டி போட வேண்டும் என்றார். அப்போதுதான் மீன் விற்கும் ஒருத்தி, "கித்தேரி கூடை இன்னைக்குக் காலையிலயும் மின்னுச்சே" என்று எடுத்துவிட்டாள். எல்லாருடைய கண்ணும் கித்தேரி மேல் திரும்பியது.

கித்தேரிக்கு வாய் அடைத்துப்போனது. ஊர் அப்படி ஒரு காட்சியை அதுவரை பார்த்ததில்லை. பூசைக்கு முன்னால் விற்றுவிட்டு அப்படியே கொண்டுவந்த கூடையை அவள் தலையிலிருந்து இறக்கி, மணலில் கவிழ்த்தாள். பாறை மீன் நாலும் ஒரு தராசும் ஒரு ஈரச் சாக்கும் விழுந்தன, வேறொன்றும் விழவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அமலியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அக்கா எடுக்கல" என்றாள். "என்கிட்டதான் இருக்கு."

வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் தைல பாட்டில் இருந்தது, பகலிலும் அவள் விரல் இடுக்கெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. மூச்சு வாங்கியது. ஊர் அவளையும் பாட்டிலையும் பார்த்தது.

"ஊருக்கெல்லாம் குடுத்தவ, இத எதுக்கும்மா வச்சிருந்த?" என்று சாமியார் மென்மையாகக் கேட்டார்.

அமலி இறுகியிருந்த மூடியையே மறுபடி இறுக்கினாள். கித்தேரிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது.

"அதக் கேக்கணுமா சாமி? ஊருல அத்தன ஆம்பளையையும் அண்ணே அண்ணேன்னு கூப்பிடுதவ, ஒருத்தர மட்டும் பதினெட்டு வருஷமா 'இங்க பாருங்க, இங்க பாருங்க'ன்னு கூப்பிடுதா. அவுகளும் பாக்கவே மாட்டேங்காக. எதுக்கு வச்சிருந்தாளாம்!"

சிரிப்பு கடற்கரை முழுக்க ஓடியது. நண்டு வளைக்குள் போனது. அமலி அந்த வளையில் தனக்கும் ஒரு இடம் இருந்தால் போதும் என்று நின்றாள். தொபியாஸின் முகம் காதுவரை சிவந்தது. அவன் மெல்ல முன்னால் வந்து, யாரையும் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னான்.

"அந்த ஓலை அவ பின்னுனது."

"எந்த ஓலை?" என்றார் உபதேசியார்.

"லைட்டுக்குள்ள வச்சிருந்தது. குருத்து ஞாயிறு அன்னைக்கு அவ பின்னிக் குடுத்த சிலுவை. எல்லாருக்கும்தான் குடுத்தா. நான்... கீழ போகும்போது கூட இருக்கட்டும்னு வச்சேன்."

அமலி அப்போதுதான் ஜன்னல் கட்டையில் காய்ந்துகொண்டிருந்த ஓலையை மனசில் திருப்பிப் பார்த்தாள். இடது கைக்காரி அவள். அவள் பின்னும் சிலுவையில் முடிச்சு எப்போதும் மறுபக்கமாக விழும். அந்த முடிச்சு மறுபக்கமாகத்தான் விழுந்திருந்தது. எந்த வேலையிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவள், அந்த ஒன்றைப் பார்க்காமல் வைத்திருக்கிறாள்.

"இங்க பாருங்க" என்றாள். "இதப் பிடிங்க."

அவன் லைட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் மூடியைத் திருகி பாட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு ஸ்பூன் விழுந்தது. மூடினாள். சுவிட்சைத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

நண்பகல் வெயில் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் கொஞ்சம் கூச்சப்பட்டது. கரையோரத் தண்ணீர் அடி மணல் வரைக்கும் கண்ணாடியாயிற்று. போன வருஷம் தொலைந்த நங்கூரம், அதற்கு முந்தின வருஷம் தொலைந்த ஒற்றைச் செருப்பு, வாத்தியார் யாரோ திருடிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் அது அது கிடந்த இடத்தில் தெரிந்தன. எரிவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கியது, நடுவில் ஒரு தரம் வலது பக்கமாகச் சிமிட்டியது, ஓரத்தில் அடுப்புச் சிவப்பு இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றான் தொபியாஸ். வீட்டுக்குப் போய்க் கட்டிய பெட்டியை அவிழ்த்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவன் கடலுக்குப் போனான். ஓலைச் சிலுவையை இந்த முறை அமலியே லைட்டுக்கு வெளியே, கைவாருக்கு அடியில், ஒரு நார்கூட நீட்டாமல் கட்டிவிட்டிருந்தாள். காலிப் பாட்டிலை, என்னத்துக்கு என்று சொல்லாமல், அவன் வாங்கிப் போனான்.

மத்தியானம் சொட்டச் சொட்டக் கடைக்கு வந்தான்.

"எரிஞ்சுதா?" என்றாள் அமலி.

"எரிஞ்சுது. ஏழு பாகத்துல நம்ம தெருவுல நிக்க மாதிரியே இருந்துச்சு. கித்தேரியக்கா அடுப்பு, சூசைராஜ் பஸ்ஸு, எல்லாம் கூடவே வந்துச்சு. மீனு பூராம் வந்து சுத்தி நின்னு வேடிக்க பாத்துச்சு." ஒரு சாக்குச் சங்கை வாசலில் இறக்கி வைத்தான். பிறகு இடுப்பு மடிப்பிலிருந்து தைல பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். "வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லா?"

பாட்டில் கருப்பாக இருந்தது. மை மாதிரிக் கருப்பு இல்லை. ஆழமான, குளிர்ந்த, அசைந்தால் மெல்ல மடிகிற கருப்பு.

"என்னது இது?"

"பாறைக்கு அடியில இருக்க இருட்டு. லைட்ட அணைச்சிட்டு ஒரு ஸ்பூனு கோரிட்டு வந்தேன். அங்க சத்தமே கிடையாது." அவள் கண்ணைப் பார்த்தான், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, நேராக. "நீ ஆறு நாளாத் தூங்கலைன்னு கித்தேரியக்கா சொன்னாக."

அவன் போன பிறகு அமலி கடையை உச்சி வேளையில் அடைத்தாள், அப்பா இறந்த அன்றைக்குக்கூட அடைக்காத கடையை. பாயை விரித்து, பாட்டிலைத் தலைமாட்டில் வைத்து, மூடியைக் கால் சுற்றுத் திறந்தாள். இருட்டு பூனைக்குட்டி மாதிரி வெளியே வந்து அவள் இமை மேல் படுத்தது. தூங்கினாள், செவ்வாய்க்கிழமை பூசை மணி அடிக்கிற வரைக்கும் தூங்கினாள், கித்தேரி மூன்று தரம் வந்து கதவிடுக்கு வழியாக மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

எழுந்ததும் அவள் முதலில் பாட்டிலைத்தான் கழுவினாள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமனே கொடுக்க முடியாது. கடை ஜன்னலில் விழுந்த காலை வெயிலில் ஒரு ஸ்பூன் வழித்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அவன் பாட்டிலை அலையின் நுரைச் சத்தம் நிரப்பித் திருப்பினான். அவள் ரேடியோவில் வந்த ஒரு பழைய பாட்டின் கடைசி இழுப்பைப் போட்டு அனுப்பினாள். அவன் மழைக்கு முந்தின காற்றை அனுப்பினான். பாட்டில் கச்சான் காற்றுக் காலம் முழுவதும் தெருவில் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் வெறுமனே அனுப்ப மனசு வராததால் அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது என்று ஊர் புரிந்துகொண்டது. ஆவணி மாதத்து முதல் மூன்று ஞாயிறும் சாமியார் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று மூன்றாம் ஞாயிறு கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கோயில் மைக் கரகரத்தது.

முதல் வரிசையிலிருந்து அமலி எழுந்து போய், ஒரு தட்டுத் தட்டிச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.